ஹாலோவீன் இரவில் வீட்டுப் பலகாரம் கொடுக்கலாமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று இருட்டத் தொடங்கியதும் வேடமிட்ட பிள்ளைகள் தெருவில் இறங்கிவிடுவார்கள். வாசல் விளக்கு எரிகிற வீடாகப் பார்த்து மணியடிப்பார்கள். "ட்ரிக் ஆர் ட்ரீட்" (தின்பண்டம் கொடு, இல்லாவிட்டால் சேட்டை செய்வோம்) என்று கத்திவிட்டு, நீட்டிய பையில் விழுவதை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். அந்தப் பையை வீட்டில் கவிழ்த்துக் கொட்டினால் கிட்டத்தட்ட எல்லாமே கடைச் சரக்காகத்தான் இருக்கும். உறை போட்ட குட்டிச் சாக்லேட், லாலிபாப், சூயிங்கம். யாராவது வீட்டில் சுட்ட குக்கீயைப் போட்டிருந்தால், அம்மாவோ அப்பாவோ முதலில் அதை எடுத்துக் குப்பையில் போடுவார்கள்.

ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். முன்பின் தெரியாத யாரோ ஆப்பிளில் பிளேடு வைப்பார்கள், மிட்டாயில் விஷம் கலப்பார்கள், எதற்கு வம்பு?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மையும் நம் வீட்டையும் அறிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பலகாரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். அறியாத பிள்ளைகளுக்குக் கடைப் பாக்கெட்டே சரி. ஆனால் அதற்குக் காரணம் அந்தப் பிளேடும் விஷமும் இல்லை. அந்தப் பயம் ஏறக்குறைய முழுவதும் கட்டுக்கதை. உண்மையான காரணங்கள் வேறு. அவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஹாலோவீன் இரவில் வேடமிட்டு வீடு வீடாகப் போய்ப் பாடியும் ஆடியும் ஆப்பிளும் கொட்டைகளும் காசும் வாங்குவது பழைய வழக்கம். அங்கிருந்து குடியேறியவர்களோடு அது வட அமெரிக்காவுக்கு வந்தது. 1920களிலும் 30களிலும் அமெரிக்க நகரங்களில் ஹாலோவீன் என்றாலே விடலைப் பையன்களின் சேட்டைக்குப் பேர்போன இரவு. வேலிக் கதவைக் கழற்றி ஒளித்து வைப்பார்கள், ஜன்னலை உடைப்பார்கள். வருகிற பிள்ளைகளை வாசலிலேயே வரவேற்று எதையாவது தின்னக் கொடுத்தால் அந்த அட்டகாசம் அடங்கும் என்று ஊர்க்காரர்கள் கண்டுகொண்டார்கள். ட்ரிக் ஆர் ட்ரீட் வழக்கம் பரவியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். இரண்டாம் உலகப் போரின்போது சர்க்கரைக்கு ரேஷன் வந்ததும் அது ஓய்ந்துபோனது. 1947இல் ரேஷன் நீங்கிய பிறகு, புதிதாக முளைத்த புறநகர்த் தெருக்களில் மறுபடியும் சூடுபிடித்தது.

அந்த நாட்களில் பையில் விழுந்தவற்றில் நிறைய அடுப்படியில் செய்ததுதான். டோனட், குக்கீ, குச்சியில் செருகிச் சர்க்கரைப் பாகு பூசிய காரமல் ஆப்பிள், அப்புறம் பாப்கார்ன் உருண்டை. இந்த உருண்டையைப் பிடிப்பது நம் ஊர்ப் பொரி உருண்டை பிடிப்பதற்குப் பங்காளி முறை. சர்க்கரைப் பாகைக் கெட்டிப் பதத்துக்குக் காய்ச்சி, பொரிந்த சோளத்தின் மேல் ஊற்றிக் கிளறி, கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் அவசர அவசரமாக உருட்டி மெழுகுத் தாளில் சுற்றி வைக்க வேண்டும். தெருவில் எந்த வீட்டு உருண்டை நன்றாக இருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். முதலில் அந்த வீட்டுக்குத்தான் போவார்கள்.

அந்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடவில்லை.

1959இல் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரத்தில் ஒரு பல் மருத்துவர், சர்க்கரைப் பூச்சுள்ள பேதி மாத்திரைகளை மிட்டாய் மாதிரி பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 30 பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அவர் மேல் வழக்குப் பதிவானது. 1964இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பத் தலைவி, ட்ரிக் ஆர் ட்ரீட் கேட்கிற வயதைத் தாண்டிவிட்டதாக அவருக்குத் தோன்றிய விடலைப் பிள்ளைகளின் பையில் எறும்பு மருந்தையும் இரும்பு நாரையும் நாய் பிஸ்கட்டையும் போட்டார். எறும்பு மருந்தில் ஆர்செனிக் என்ற விஷம் இருந்தது. விளையாட்டுக்குச் செய்தேன் என்றார். நல்லவேளையாக யாரும் அதைத் தின்னவில்லை. 60களின் பின்பாதியில் ஆப்பிளுக்குள் பிளேடு இருந்தது என்ற புகார்கள் வரிசையாகக் கிளம்பின. நியூஜெர்சி மாநிலம் 1968 ஹாலோவீனுக்குச் சற்று முன்பு, அப்படிச் செய்பவர்களுக்குச் சிறைத் தண்டனை என்று சட்டமே போட்டது. 1970 அக்டோபர் கடைசியில் நியூயார்க் டைம்ஸ், அடுத்த தெருப் பாட்டி அன்பாகக் கொடுக்கும் ஆப்பிளில்கூட பிளேடு இருக்கலாம் என்ற தொனியில் ஒரு கட்டுரை வெளியிட்டது. சில நாளிலேயே டெட்ராய்டில் 5 வயதுச் சிறுவன் ஒருவன் ஹெராயின் உள்ளே போய் இறந்தான். ஹாலோவீன் மிட்டாயில் யாரோ ஹெராயினைக் கலந்துவிட்டார்கள் என்று செய்தி நாடெங்கும் பரவியது. பிறகு தெரிந்த உண்மை வேறு. அந்த ஹெராயின் அவனுடைய மாமாவுடையது. குழந்தை அதைத் தவறுதலாக எடுத்துத் தின்றிருக்கிறான். மாமாவைக் காப்பாற்றுவதற்காகக் குடும்பத்தாரே மிட்டாயின் மேல் அதைத் தூவி வைத்திருந்தார்கள். முதலில் வந்த செய்தி ஊர் முழுக்க நின்றது. திருத்தி வந்த செய்தி பலரை எட்டவேயில்லை.

எல்லாவற்றிலும் கொடியது 1974இல் டெக்ஸாஸில் நடந்தது. ரொனால்ட் கிளார்க் ஓப்ரையன் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர். தேவாலயத்தில் பொறுப்பு வகித்தவர். ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன். தன் இரண்டு பிள்ளைகள் பேரிலும் ஆயுள் காப்பீடு எடுத்திருந்தார். பிக்ஸி ஸ்டிக்ஸ் என்று ஒரு மிட்டாய் உண்டு. நீளக் குழாயில் புளிப்பு இனிப்புப் பொடி அடைத்திருக்கும். அவற்றில் ஐந்து குழாய்களைத் திறந்து, மேல்பகுதியில் சயனைடை நிரப்பி, வாயை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடினார். ஏதோ ஒரு வீட்டில் கொடுத்தது என்று சொல்லித் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் வேறு மூன்று பிள்ளைகளுக்கும் கொடுத்தார். தூங்கப் போகும் முன் 8 வயது மகன் அதைத் தின்றான். கசக்கிறது என்றவனுக்கு, கசப்புப் போக அப்பாவே பானம் கலந்து கொடுத்தார். பையன் அன்றிரவே இறந்தான். மற்ற நான்கு பிள்ளைகளும் அதைத் தின்னாததால் பிழைத்தார்கள். ஒரு சிறுவன் குழாயைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தான். ஸ்டேப்ளர் பின்னைப் பிரிக்க அவனுக்குக் கைவலு போதவில்லை. ஓப்ரையனுக்கு 1984 மார்ச் 31 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இந்த வழக்கைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். விஷம் வைத்தது அந்நியர் இல்லை, பெற்ற தகப்பன். வைத்தது வீட்டுப் பலகாரத்திலும் இல்லை, தொழிற்சாலையில் செய்து கடையில் விற்ற மிட்டாயில். அப்படியிருக்க, இதிலிருந்து ஒரு நாடே எடுத்துக்கொண்ட பாடம், அந்நியரிடம் ஜாக்கிரதை, வீட்டில் செய்ததை வாங்காதே என்பது. அதன் பிறகு 1982 வந்தது. ஹாலோவீனுக்கு ஒரு மாதம் முன்னால், சிகாகோ பகுதிக் கடைகளில் விற்ற டைலனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு வைத்ததில் 7 பேர் செத்தார்கள். செய்தது யார் என்று இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் நிரூபணம் ஆகவில்லை. அந்த வருஷம் பல ஊர்களில் ட்ரிக் ஆர் ட்ரீட்டையே நிறுத்தினார்கள். விஷம் வைக்கப்பட்டது மறுபடியும் கடைச் சரக்கில்தான். ஆனால் அதன் பலனாக, உறையைப் பிரித்திருந்தால் உடனே தெரிகிற மாதிரிப் பாக்கெட் செய்வது மருந்துகளுக்குக் கட்டாயமானது. உறை முழுசாக இருந்தால் பத்திரம் என்ற எண்ணம் மக்கள் மனதில் ஊன்றிப்போனது. உறையே இல்லாத வீட்டுப் பலகாரம் அந்தக் கணக்கில் தானாகவே சந்தேகப் பொருளாகிவிட்டது.

இதையெல்லாம் உட்கார்ந்து சரிபார்த்தவர் ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர். அவரும் ஜெரால்ட் ஹோரியுச்சியும் 1958 முதல் வந்த முக்கியப் பத்திரிகைச் செய்திகளைத் தோண்டியெடுத்து, ஹாலோவீன் தின்பண்டத்தில் ஏதோ கலந்திருந்ததாகச் சொன்ன 76 சம்பவங்களைத் திரட்டி 1985இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர், வீடு தேடி வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்த தின்பண்டத்தால் ஒரு குழந்தை இறந்ததாகவோ பெரிய காயம் பட்டதாகவோ அதில் ஒன்றுகூடத் தேறவில்லை. டெட்ராய்டும் டெக்ஸாஸும் சொந்த வீட்டுக்குள் நடந்தவை. பெரும்பாலான பிளேடு, ஊசிப் புகார்கள் கவன ஈர்ப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ பிள்ளைகளே செட்டப் செய்தவை. பெஸ்ட் அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் கணக்கைப் புதுப்பித்து வருகிறார். முடிவு மாறவில்லை. 2000இல் மின்னியாபொலிஸில் ஒருவர் ஸ்னிக்கர்ஸ் சாக்லேட்டில் ஊசி வைத்துக் கொடுத்தது நிஜம்தான். ஒரு பையனுக்கு லேசாகக் குத்தியது, வைத்தியம் தேவைப்படவில்லை. அதுவும் பேர்பெற்ற கம்பெனிச் சரக்கு.

ஆதாரம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பயம் ஏன் விலகவில்லை? இந்தக் கதை பரவிய காலத்தைப் பாருங்கள். 60, 70களில் அமெரிக்க நகரங்களில் குற்றங்கள் பெருகின, மக்கள் வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத வாழ்க்கை வந்தது. அந்த மொத்தக் கலக்கத்துக்கும் ஆப்பிளில் பிளேடு என்ற ஒற்றைக் காட்சி வாகாக அமைந்தது. இப்படித்தான் பெஸ்ட் விளக்குகிறார், எனக்கும் அது சரியாகவே படுகிறது. அதோடு, இந்தப் பயத்தால் பெற்றோருக்குப் பெரிதாக நஷ்டமும் இல்லை. மிட்டாயை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கொடுத்தால் போதும், கடமையைச் செய்த நிம்மதி வந்துவிடுகிறது. மிட்டாய்ப் பைகளை இலவசமாக எக்ஸ்ரே எடுத்துத் தருவதாக மருத்துவமனைகளே அறிவித்த வருஷங்கள் உண்டு. விஷம் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பின்னாளில் கஞ்சா மிட்டாய் என்றார்கள், 2022இல் ஃபென்டனில் என்ற போதைப்பொருள் கலந்த வண்ண மாத்திரை என்றார்கள். பிள்ளைகளுக்குத் தூக்கிக் கொடுக்கும் அளவுக்கு மலிவான போதைச் சரக்கை யார் விற்கிறார்கள் என்ற எளிய கேள்விகூட எழவில்லை.

இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. தெருவில் இருக்கும் ஒரு வயதான அம்மாள் பிள்ளைகளுக்காக உருண்டை பிடிப்பதைக் கைவிட்டு, ஒரு மூட்டைச் சாக்லேட் வாங்கி வைத்துக்கொள்ளும்படி ஆனது, ஏறக்குறைய நடக்கவே நடக்காத ஒரு குற்றத்துக்காக.

சரி, அப்படியானால் பழையபடி எல்லோருக்கும் வீட்டுப் பலகாரம் கொடுத்துவிடலாமா? அங்கேதான் உண்மையான காரணங்கள் குறுக்கே வருகின்றன.

முதல் காரணம் ஒவ்வாமை. இதன் முன்னால் மற்றதெல்லாம் சின்ன விஷயம். அமெரிக்காவில் சுமார் 13 குழந்தைகளில் ஒருவருக்கு ஏதோ ஒரு உணவு ஒவ்வாமை இருப்பதாகக் கணக்கு. அந்தக் குழந்தையின் பெற்றோருக்குக் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் பாக்கெட்டின் பின்புறம் அச்சடித்த பட்டியல். 2004இல் வந்த சட்டப்படி பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா ஆகிய 8 பொருள்களில் எது இருந்தாலும் பாக்கெட் உணவில் தெளிவாகப் போட வேண்டும். 2023 ஜனவரி முதல் எள்ளும் அதில் சேர்ந்துவிட்டது. வீட்டுக் குக்கீயில் அந்தப் பட்டியல் கிடையாது. செய்தவர் நல்ல மனசோடு "கொட்டை எதுவும் போடவில்லை" என்று சொன்னாலும், நேற்று வேர்க்கடலை வறுத்த அதே சட்டியில் இன்று மாவைக் கிளறியிருக்கலாம், அவருக்கு அது நினைவிலேயே இருக்காது. கடுமையான ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்த ஒட்டுத்துகளே போதும், தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். குட்டிச் சாக்லேட்டுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய பையின் மேல் மட்டும் பட்டியல் இருக்கும், உள்ளே தனித்தனி உறையில் சில சமயம் இருக்காது. பெரிய அளவுச் சாக்லேட்டில் இல்லாத பொருள் குட்டி அளவில் இருப்பதும் உண்டு. அதனால்தான் டென்னசி மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ஒரு குழு 2012இல் நீலப்பச்சை நிறப் பூசணிக்காயை வாசலில் வைக்கும் வழக்கத்தைத் தொடங்கியது. இந்த வீட்டில் தின்பண்டத்துக்குப் பதிலாகப் பொம்மை, பென்சில், ஸ்டிக்கர் மாதிரிப் பொருள்களும் கிடைக்கும் என்பதற்கு அது அடையாளம். 2014இல் ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை விழிப்புணர்வு அமைப்பு அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. தீபாவளி பெரும்பாலும் ஹாலோவீனை ஒட்டியே வரும். 2024இல் இரண்டும் ஒரே நாள், அக்டோபர் 31. நியூஜெர்சியிலோ டொராண்டோவிலோ இருக்கும் தமிழ் வீட்டில் அன்றைக்குத் தட்டு நிறைய முறுக்கும் லட்டும் இருக்கும்போது, வாசலில் நிற்கிற பிள்ளைக்கு அதையே எடுத்துக் கொடுக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் முறுக்கில் எள் இருக்கிறது. லட்டிலும் மைசூர்பாகிலும் நெய் வழியாகப் பால் இருக்கிறது. காஜூ கத்லி முழுக்க முழுக்க முந்திரி. முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஒத்துக்கொள்ளாது. கடலை மாவு அந்தச் சட்டப் பட்டியலில் இல்லை என்றாலும் அதற்கு ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பலகாரங்களை முன்னே பார்த்தே இராத பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்க வழியே இல்லை. நமக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிவது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவது காரணம் கிருமி. இதற்குக் காரமல் ஆப்பிளைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2014 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் லிஸ்டீரியா கிருமி பரவியது. 12 மாநிலங்களில் 35 பேருக்கு நோய் கண்டது, 34 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 7 பேர் இறந்தார்கள். அவர்களில் குறைந்தது 3 பேரின் சாவில் இந்தக் கிருமிக்குப் பங்கு இருந்தது. காரணம், கடையில் விற்ற காரமல் ஆப்பிள். ஆப்பிள் புளிப்பானது, காரமல் வறண்டது, இரண்டிலும் லிஸ்டீரியா வளராது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது குச்சி குற்றவாளியாக அகப்பட்டது. ஆப்பிளில் குச்சியைச் செருகியதும் உள்ளிருக்கும் சாறு கசிந்து மேலே வருகிறது. தோலுக்கும் காரமலுக்கும் நடுவில் மெல்லிய ஈரப்படலம் உண்டாகிறது. தோலின் மேல் கிருமி இருந்தால் அங்கே அது சுகமாகப் பெருகுகிறது. குச்சி வைத்த ஆப்பிளை அறைச் சூட்டில் வைத்தபோது 3 நாளில் கிருமி ஆயிரம் மடங்கானது. ஃபிரிட்ஜில் வைத்தபோது ஒரு வாரம் வரை பெருகவில்லை. கம்பெனிக்காரர்களே கோட்டைவிட்ட விஷயம் இது. வீட்டில் முந்தின நாளே செய்து, மேசை மேல் அடுக்கி வைத்து, மறுநாள் மாலை வரை கொடுப்பவருக்கு எப்படித் தெரியும்? குக்கீ, கேக், முறுக்கு மாதிரி நன்றாக வெந்த, ஈரமில்லாத பண்டங்களில் இந்தத் தொல்லை வெகு குறைவு. பால், கிரீம் சேர்ந்தவையும் பச்சை முட்டை சேர்ந்தவையும் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, சின்னக் குழந்தைகள். 4 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பாப்கார்ன், முழுக்கொட்டை, கடினமான மிட்டாய் எல்லாம் தொண்டையில் சிக்கக்கூடியவை. இது கடைச் சரக்குக்கும் பொருந்தும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் காரணம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே, கடையில் உறையிட்டு விற்காத எதையும் வாங்க வேண்டாம், தின்ன வேண்டாம் என்றுதான் பெற்றோருக்குச் சொல்கிறது. பல பள்ளிகளிலும் வீட்டில் செய்ததைக் கொண்டுவர அனுமதி இல்லை. ஆகவே முகம் தெரியாத பிள்ளையின் பையில் நீங்கள் போடும் குக்கீ குப்பைக்குத்தான் போகும். மெனக்கெட்டுச் செய்தது அப்படிப் போவதைவிட, தின்னக்கூடியவர்களுக்குக் கொடுப்பது மேல்.

இவ்வளவு பேசும்போது, அந்த இரவில் பிள்ளைகளின் உயிரை உண்மையில் பறிப்பது எது என்பதையும் சொல்லியாக வேண்டும். கார். 1975 முதல் 2016 வரையிலான விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, ஹாலோவீன் மாலையில் சாலையில் நடப்பவர்கள் வாகனம் மோதி இறக்கும் ஆபத்து, அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள மாலைகளைவிட 43 சதவீதம் கூடுதல் என்று கண்டது. 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு அது 10 மடங்கு. மிட்டாயைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் அக்கறையில் பாதியை, கறுப்பு வேடத்தின் மேல் ஒளிரும் பட்டை ஒட்டுவதிலும், கண்ணை மறைக்கும் முகமூடியைக் கழற்றுவதிலும், அன்று மாலை காரை மெதுவாக ஓட்டுவதிலும் காட்டினால் எத்தனையோ குழந்தைகள் பிழைத்திருப்பார்கள்.

பலகாரம் செய்தே தீர வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு வழி இருக்கிறது. வருகிற எல்லோருக்கும் வாசலில் ஒரு கூடை நிறையப் பட்டியல் போட்ட பாக்கெட்டுகளை வையுங்கள். பக்கத்தில் கொஞ்சம் ஸ்டிக்கரும் பென்சிலும் இருக்கட்டும். தெரிந்த குடும்பங்களுக்கு மட்டும் வீட்டுப் பலகாரத்தைத் தனியாகக் கட்டி, உங்கள் பெயர், செய்த தேதி, போட்ட பொருள் அத்தனையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். எள், நெய், முந்திரி எதையும் விடாதீர்கள், வேர்க்கடலை புழங்கும் அடுப்படி என்றால் அதையும் எழுதுங்கள். பொட்டலத்தைப் பிள்ளையின் பையில் போடாமல், கூட வந்த அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுங்கள். அவர்கள் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். கூடையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பினால் போதும்.